சளி செட்டோடு டோலோவும் போடலாமா?

கேள்வி, 7 நவம்பர் 2025

மூன்று நாளாகச் சளி, மூக்கடைப்பு, லேசான காய்ச்சல். மெடிக்கலில் சொன்னேன், செட் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வேளைக்கு நாலு மாத்திரை. காய்ச்சல் விட்டபாடில்லை. வீட்டில் டோலோ 650 இருக்கிறது. செட்டோடு அதையும் போட்டால் தப்பா? சளி மாத்திரை வேறு, காய்ச்சல் மாத்திரை வேறுதானே?

7 நவம்பர், இரவு 9.50

வேறு வேறு இல்லை. வில்லங்கமே அங்கேதான். சளிக்கென்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் கூட்டு மாத்திரை. ஒரே மாத்திரைக்குள் மூன்று நான்கு சரக்கு: காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாராசிட்டமால், மூக்கொழுகலுக்குக் குளோர்பெனிரமின், அடைப்புக்குப் பினைலெஃப்ரின். சிலவற்றில் காஃபீன்கூட உண்டு. டோலோ 650 என்பது 650 மில்லிகிராம் பாராசிட்டமால், அவ்வளவுதான். ஆக, நீங்கள் ஏற்கெனவே காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சட்டை மட்டும் வேறு.

கணக்கு: கூட்டு மாத்திரையில் 500 இருந்தால் மூன்று வேளைக்கு 1500. டோலோ நான்கு போட்டால் 2600. மொத்தம் 4100. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு உச்சவரம்பு 4000.

செட்டில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

7 நவம்பர், இரவு 10.20

"அட்டையை வெட்டிக் கொடுத்ததால் பெயர் தெரியவில்லை, ஒன்றில் பாதி எழுத்தும் 500 என்ற எண்ணும்தான் இருக்கிறது" என்கிறீர்கள். இதைத்தான் எதிர்பார்த்தேன்.

இன்றிரவு இரண்டில் ஒன்று. செட்டைப் போட்டால் டோலோ வேண்டாம். டோலோதான் வேண்டுமென்றால் செட்டை நிறுத்திவிட்டு, கடைசியாகப் போட்டதிலிருந்து ஆறு மணி நேரம் தள்ளி அது மட்டும். காலையில் கடைக்குப் போய் முழு அட்டைகளைக் காட்டச் சொல்லிப் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். முன்பக்கம் விளம்பரம். பின்பக்கத்துப் பொடி எழுத்துதான் மருந்து.

8 நவம்பர், காலை

நான் யார் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நியாயம்தான். டாக்டர் இல்லை, மருந்தாளுநரும் இல்லை. 2004 முதல் 2011 வரை மாமாவின் மருந்துக் கடையில் நின்றவன். சான்றிதழ் சுவரில் தொங்கும், சான்றிதழுக்கு உரியவர் மாதம் ஒருமுறை வருவார், கத்தரிக்கோல் என் கையில் இருக்கும்.

செட் போடுவதை ஒரு கலை என்றே நினைத்திருந்தேன். வந்தவர் மூக்கை உறிஞ்சினால் கூட்டு மாத்திரை ஒன்று. தும்மினால் செட்ரிசின் ஒன்று. வயிற்றைப் பிடிக்காமல் இருக்க ஒன்று. "சீக்கிரம் கேட்கணும்" என்றால் ஒரு ஆன்டிபயாட்டிக். நாளைக்குக் கல்யாணம், ஊருக்குப் போகணும் என்று கெஞ்சினால் குட்டியாக ஒரு வெள்ளை மாத்திரை. அந்தக் குட்டிதான் டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு. சாயங்காலமே ஆள் தெளிந்துவிடுவார். "உன் கை ராசி" என்பார்கள். சர்க்கரை நோயாளிக்கு அது சர்க்கரையை எகிற வைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று எண்ணிப் பார்க்க முயன்றதில்லை.

ஒருவரிடமும் "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டதாக நினைவில்லை. வரிசையில் பின்னால் ஆறு பேர் நிற்பார்கள்.

8 நவம்பர், மாலை

படம் வந்துவிட்டது. முதல் அட்டை: பாராசிட்டமால் 500, பினைலெஃப்ரின் 5, குளோர்பெனிரமின் 2. இரண்டாவது செட்ரிசின் 10. மூன்றாவது பான்டோபிரசோல், வயிற்றுக்கு. நான்காவது அசித்ரோமைசின் 500.

செட் காலை, இரவு இரண்டு வேளைதான் என்கிறீர்கள். அப்படியானால் நேற்று நான் மிரட்டிய 4100 உங்களுக்குப் பொருந்தாது. 1000, கூடவே டோலோ நான்கு 2600, மொத்தம் 3600. வரம்புக்குள்தான். கேட்காமல் கணக்குப் போட்டது என் பிழை, கடைப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: "நடுவில் தலைவலிக்கு காம்பிஃப்ளாம் ரெண்டு போட்டேன்". அது ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325. இரண்டுக்கு 650. இப்போது கூட்டுங்கள், 4250. மூன்று வேறு பெயர், மூன்று நிறம், உள்ளே இருப்பது ஒரே ஆள்.

இன்னொன்று. குளோர்பெனிரமின், செட்ரிசின் இரண்டும் ஒரே வேலைக்கானவை, ஒவ்வாமைக்கு எதிரானவை. செட்ரிசின் 10 ஒரு நாளைக்கு ஒன்று போதும், உங்களுக்கு இரண்டு வேளையும் கொடுத்திருக்கிறார்கள். பகலெல்லாம் தலை தொங்குகிறது, சளி அசத்துகிறது என்று எழுதினீர்களே, அசத்தியது சளி இல்லை, இந்த இரண்டும்தான். அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கானது. சாதாரணச் சளி வைரஸ். அதை ஏன் கொடுத்தார்கள் என்று நான் கேட்க முடியாது, நானும் கொடுத்தவன்.

9 நவம்பர்

திருத்தம். 4000 என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிட்டேன். செவிலியராக இருக்கும் அக்கா ஒருவர் தனிச்செய்தியில் காதைத் திருகினார். அது கல்லீரல் நன்றாக இருக்கிற, நல்ல எடையுள்ள பெரியவருக்கான உச்சி. தினமும் குடிப்பவர், கல்லீரல் நோயுள்ளவர், நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர், 50 கிலோவுக்குக் கீழே இருக்கும் மெலிந்த உடம்புக்காரர், இவர்களுக்கு அது அதிகம். 2000, 3000 என்று டாக்டர் குறைத்துச் சொல்வார். எங்கள் வீட்டுப் பாட்டி 38 கிலோ. அவருக்கும் எனக்கும் ஒரே டோலோ கொடுத்துக்கொண்டிருந்தோம்.

காரணத்தையும் அவரே விளக்கினார். பாராசிட்டமாலைக் கல்லீரல் உடைக்கும்போது கொஞ்சம் நஞ்சு உருவாகும். அதை அடக்க அங்கே குளூட்டத்தயோன் என்ற சரக்கு கையிருப்பில் இருக்கும். மருந்து அளவுக்கு மிஞ்சினால் கையிருப்பு தீரும், நஞ்சு கல்லீரலையே பிடிக்கும். மோசம் என்னவென்றால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டும், அதையும் காய்ச்சல் என்றே நினைப்போம். தெரிய வரும்போது இரண்டு நாள் ஓடியிருக்கும். அதனால் நிறைய விழுங்கிவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரி. என்.ஏ.சி. என்ற மாற்று மருந்து உண்டு, எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாகக் கேட்கும்.

வேடிக்கை: அதே என்.ஏ.சி.தான் தண்ணீரில் போட்டால் நுரைக்கிற மாத்திரையாக, கட்டிச் சளியை இளக்குவதற்கு விற்கிறது. அதையும் நான் விற்றிருக்கிறேன், ஏதோ சோடா மாத்திரை என்று நினைத்துக்கொண்டு.

9 நவம்பர், இரவு

மேலே ஒருவர் "சி.பி.எம். என்றால் பாதுகாப்புதானே, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கிறார்களே" என்கிறார். கட்சியைச் சொல்லவில்லை தோழர்களே, குளோர்பெனிரமின் மாலியேட்.

பழைய மருந்து, விலை மலிவு, நன்றாகக் கேட்கும். ஆனால் எங்கள் அப்பா கதையைச் சொல்ல வேண்டும். வயது 71. இரவில் நாலு தடவை எழுந்து போவார், விட்டு விட்டு வரும். வயசானால் அப்படித்தான் என்று விட்டிருந்தோம். ஒரு மார்கழியில் சளி பிடித்தது. நான்தான் கூட்டு மாத்திரை கொடுத்தேன், கடையை விட்டு வந்து நாலைந்து வருடம் ஆன பிறகும் கை பழக்கம். இரண்டு நாளில் மூக்கு நின்றது. கூடவே சிறுநீரும் நின்றது. அடிவயிறு கல்லாகி, விடியற்காலை மூன்று மணிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்குப் பக்கமாக வந்தது. "ஐயா, புராஸ்டேட் வீக்கம் இருக்கிறவருக்கு இந்த மாத்திரையை யார் கொடுத்தது?" என்று பயிற்சி டாக்டர் கேட்டார். அப்பா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "கடையில வாங்கினது" என்றார். பொய் என்றும் சொல்ல முடியாது.

குளோர்பெனிரமின் மூக்கை மட்டும் உலர வைப்பதில்லை. வாய் உலரும், குடல் மந்தமாகும், சிறுநீர்ப்பை சோம்பும். வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும், எழுந்து நடக்கையில் விழுவார்கள். ஒருவகைக் கண் அழுத்த நோய்க்காரர்களுக்கும் ஆகாது. கூட்டிலிருக்கும் பினைலெஃப்ரின் சும்மா இருக்காது, புராஸ்டேட் பக்கத்துத் தசையை இறுக்கும். இரண்டும் கைகோத்துக்கொண்டால் அப்பா கதைதான்.

இதை எழுதி முடித்துவிட்டு அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "டியூப் போட்டதை எல்லாம் ஊருக்குச் சொல்லணுமா?" என்றார்.

12 நவம்பர்

பினைலெஃப்ரின் பற்றிக் கேட்டவருக்கு. மூக்கடைப்பு நீங்கத்தான் கூட்டில் சேர்க்கிறார்கள். வாய்வழியே விழுங்கினால் அது கேட்கிறதா என்பதே சந்தேகம். குடல் சுவரிலேயே பெரும்பகுதி உடைந்துபோகிறது, மூக்குக்குப் போய்ச் சேருவது சொற்பம். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 16க்கு 0 என்று வாக்களித்து, மாத்திரையாகப் பயனில்லை என்றது. 2024 நவம்பரில் அதைச் சளி மருந்துகளிலிருந்து எடுத்துவிடலாம் என்று அந்த அமைப்பே முன்மொழிந்தது. நம் ஊர்க் கூட்டுகளில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் பலனில்லாத ஒன்றுக்காக எதற்கு அந்தப் படபடப்பைச் சுமக்க வேண்டும்?

அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது பினைல்புரொப்பனோலமின். மூளையில் ரத்தக் கசிவு வருகிறது என்று 2000 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். இந்தியாவில் தடை வந்தது 2011இல். நான் கடையை விட்ட வருடம். ஏழு வருடம் அதைத்தான் வெட்டி வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம், அடைப்புக்கு மூக்கில் விடும் சொட்டு மருந்து. சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின். அவை கேட்கும், உடனே கேட்கும். அதுதான் ஆபத்து. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், திரும்ப விடுவோம், திரும்ப அடைக்கும். நான் எட்டு மாதம் விட்டேன். சட்டைப் பையில் பேனா இல்லாமல் போனதுண்டு, குப்பி இல்லாமல் போனதில்லை. நிறுத்தியபோது பத்து நாள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினேன். உப்புத் தண்ணீர்ச் சொட்டு கொஞ்சம் கைகொடுத்தது.

13 நவம்பர்

எதிர்பார்த்த ஆலோசனை வந்துவிட்டது: "பிராந்தியில் மிளகுப்பொடி போட்டு ஒரு கட்டிங், காலையில் சளி பறந்துவிடும்."

பறப்பது வேறு. மிளகைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, ரசத்தில் போடுங்கள். ஆனால் செட்டையும் போட்டுவிட்டு இதையும் ஊற்றினால் குளோர்பெனிரமினும் மதுவும் சேர்ந்து மயக்கும், பாராசிட்டமாலும் மதுவும் ஒரே கல்லீரலில் மோதும். அந்த மயக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களை நினைத்தால் பயம். கடையில் எனக்குத் தெரிந்த லாரி டிரைவர் ஒருவர் சளி மாத்திரை கேட்டால் "தூக்கம் வராததா குடு" என்பார். நான் எதையாவது எடுத்துக் கொடுத்து "வராதுண்ணே" என்பேன். இப்போது கேட்டால் ஃபெக்சோஃபெனடின் என்பேன், அந்த வகையில் தூக்கம் மிகக் குறைவு. தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றோடு போட்டால் உடம்பில் சேருவது குறைந்துவிடும்.

16 நவம்பர்

குழந்தைக்கு எத்தனை மில்லி என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். இவ்வளவு நாள் தள்ளிப் போட்டதற்குக் காரணம் உண்டு.

சளிக்கான கூட்டு சிரப் பற்றி முதலில். குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கூட்டை நாலு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை சொல்லிவிட்டது. இந்த அக்டோபரில் மத்திய அரசு இன்னும் தெளிவாகச் சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து கூடவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. ஏன் சொன்னது என்று நமக்கெல்லாம் தெரியும். மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சிரப் செய்யப்பட்ட இடம் நம் சுங்குவார்சத்திரம்.

அங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். அந்தக் குழந்தைகளின் சாவு அளவு கூடியதால் வந்தது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. சிரப்பில் டை எத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது, தமிழக ஆய்வகம் 48.6 சதவீதம் என்றது. அது சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. எவ்வளவு கவனமாக அளந்து ஊற்றியிருந்தாலும் அந்தத் தாய்மார்களால் தடுத்திருக்க முடியாது. இந்தப் பேச்சில் அவர்கள் மேல் ஒரு துளிப் பழியும் விழக் கூடாது.

இனி வெறும் பாராசிட்டமால். வயதுக்கு அல்ல, எடைக்கு. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நாலு வேளைக்கு மேல் போகாமல். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கணக்கே வேண்டாம், டாக்டரிடம் ஓடுங்கள். 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி. 5 மில்லியில் 250 உள்ளது என்றால் 3.6 மில்லி. சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு மில்லியிலேயே 100 இருக்கும். சிரப் தீர்ந்து போய்ச் சொட்டு மருந்தை அதே மூடியில் 5 மில்லி ஊற்றினால் 500. பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை.

வீட்டு ஸ்பூன் வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்று ஸ்பூன்களை அளந்து பார்த்தேன், ஒன்று 3 மில்லி, ஒன்று 5, அம்மாவின் சீதன ஸ்பூன் 8 பிடித்தது. பாலாடையும் அப்படித்தான். ஊசி இல்லாத சிரிஞ்சு மருந்துக் கடையில் கிடைக்கும்.

17 நவம்பர்

மேலே 7.5, 3.6 இரண்டையும் நேற்று இடம் மாற்றிப் போட்டிருந்தேன். ஒரு தம்பி இரவு 11 மணிக்குப் பார்த்துச் சொன்னான், உடனே திருத்திவிட்டேன். மாற்றிப் போட்டதை நம்பி ஊற்றியிருந்தால் 12 கிலோ குழந்தைக்கு 375 போயிருக்கும். நிதானமாக உட்கார்ந்து எழுதும்போதே எனக்கு இப்படி என்றால், இரவு இரண்டு மணிக்கு அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொடி எழுத்து படிப்பவர்களுக்கு எப்படி இருக்கும். குப்பியின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, உங்கள் குழந்தைக்கு எத்தனை மில்லி என்று பகலிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். டாக்டரிடம் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு.

23 நவம்பர்

நியூஜெர்சியிலிருந்து வந்த சின்ன அத்தை ஒரு பெரிய டப்பா டைலெனால் கொண்டு வந்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "பாராசிட்டமால் எனக்குச் சேராது, இது அமெரிக்க மருந்து, அசிட்டமினோஃபென்" என்று பெரியம்மா பெருமையாகச் சொன்னார். பெரியம்மா, அதுவேதான் இது. அங்கே அதற்கு அந்தப் பெயர்.

பெரியம்மாவுக்கு மூட்டு வலிக்கு அசெக்ளோஃபினாக் 100, பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரை தினமும் இரண்டு. ஆக 650 எப்போதும் உள்ளே ஓடுகிறது. அதற்கு மேல் சளி வந்தால் செட், அதற்கு மேல் டைலெனால். மூட்டு வலி மாத்திரையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, அது சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது.

2 டிசம்பர்

ஒவ்வாமைக்காரர்கள் சிலர், "எங்களுக்குச் சளியே இல்லை, வருடம் முழுக்கத் தும்மல்தான், லெவோசெட்ரிசின் மான்டெலூகாஸ்ட் கூட்டு மாத்திரையை நாங்களே வாங்கிப் போடுகிறோம்" என்கிறார்கள்.

லெவோசெட்ரிசின் என்பது செட்ரிசினில் வேலை செய்கிற பாதியை மட்டும் பிரித்தெடுத்தது. அதனால்தான் 10க்குப் பதில் 5. இரண்டையும் ஒன்றாகப் போடுவதில் பொருளில்லை. மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு உடம்பெல்லாம் கடுமையாக அரிக்கும் என்று இந்த மே மாதம் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்தது. என் மனைவிக்கு இரண்டு வருடம் முன்பே அப்படி அரித்தது. புது சேலை ஒத்துக்கொள்ளவில்லை என்று சேலையைக் கொண்டுபோய்க் கடையில் சண்டை போட்டோம்.

மான்டெலூகாஸ்ட்டுக்கு 2020 மார்ச்சில் அமெரிக்காவில் கட்டம் கட்டிய எச்சரிக்கையே போட்டார்கள்: கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணம். ஆஸ்துமாவுக்கு நல்ல மருந்து, எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் வெறும் தும்மலுக்குக் கடையில் தானாக வாங்கிப் போடுகிற சாமான் இல்லை அது. அண்ணன் மகள் ராத்திரி கத்திக்கொண்டு எழுந்தபோது வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மாத்திரையை டாக்டர் நிறுத்தியதும் கத்தல் நின்றது. நல்ல பெயர் என்னவோ கயிற்றுக்குத்தான் கிடைத்தது.

மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சில மன அழுத்த மருந்துகளோடு அது சேரவே கூடாது. உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

21 டிசம்பர்

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருந்தார். அன்று செட்டை நிறுத்திவிட்டு டோலோ மட்டும் போட்டாராம், கூட உப்புத் தண்ணீர்ச் சொட்டு. காய்ச்சல் இரண்டாம் நாள் விட்டது, மூக்கு அதன் பாட்டுக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது.

இன்று என் முறை. நேற்றுப் பனியில் தலைக்குக் குளித்ததன் பலன் என்கிறாள் அம்மா. தெருமுனைக் கடைக்குப் போனேன். இருபது வயதுப் பையன், நான் தும்மி முடிப்பதற்குள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டான். கை என்ன வேகம். "வெட்டாதே தம்பி, அட்டையைக் காட்டு" என்றேன். முறைத்துவிட்டு நீட்டினான். கண்ணாடி இல்லாமல் என்னால் ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாராசிட்டமால் 325, குளோர்பெனிரமின் 2, பினைலெஃப்ரின் 5. எனக்குக் காய்ச்சல் இல்லை, அடைப்பும் இல்லை, மூக்கு ஒழுகுகிறது, அவ்வளவுதான்.

"செட்ரிசின் மட்டும் ஒரு மூணு குடு, பேரும் தேதியும் இருக்கிற பக்கமா வெட்டு."

"அண்ணே, டிரக் இன்ஸ்பெக்டரா?"

"இல்லப்பா, உன் சீனியர்."

அவனுக்குப் புரியவில்லை. பின்னால் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.